சாக்கடைத் தண்ணி தெளிஞ்சுட்டா ஆத்துல விட்டுடலாமா? எஸ்டிபிக்குள்ள (சாக்கடை சுத்திகரிப்பு நிலையம்) நிஜமா என்னதான் நடக்குது?

ஓரக்கரை:
ரொம்ப நாளா இருக்கிற டவுட்டு, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஃப்ளஷ் பண்றது, குளிக்கிறது, துணி தொவைக்கிறது எல்லாம் சேந்து எஸ்டிபிக்குப் போகுது, அங்க ஏதோ பண்ணி ஆத்துலயோ கடல்லயோ விடுறாங்க, அது வரைக்கும் தெரியும். படிக்கப் போனா பிரைமரி, செகண்டரி, டெர்ஷரின்னு ஒரு படத்தப் போட்டு முடிச்சுடுறாங்க. என் கேள்வி சிம்பிள், அழுக்க வடிகட்டிட்டா தண்ணி தெளிஞ்சுடும்ல, அப்புறம் எதுக்கு அவ்ளோ கரன்ட் செலவு பண்ணி காத்து அடிக்கிறாங்க? கடைசில குளோரின் வேற போடுறாங்க, அத மொதல்லயே நல்லா கொட்டிட்டா வேலை முடிஞ்சுடாதா?

பம்ப்ஹவுஸ்:
நான் இந்த ஃபீல்டுதான், ஷிஃப்ட் முடிச்சுட்டு டைப் பண்றேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

வர்ற சாக்கடைல 99.9 சதவீதம் வெறும் தண்ணி ப்ரோ. மிச்ச 0.1க்குத்தான் இத்தனை பாடு. அதுல கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும், கொஞ்சம் தண்ணியோட கரைஞ்சே கெடக்கும், வடிகட்டினா கரைஞ்சது வராது.

உள்ள வந்ததும் பார் ஸ்க்ரீன்னு கம்பித் தடுப்பு, துணி பிளாஸ்டிக் எல்லாம் அங்க மாட்டிக்கும் (வெட் வைப்ஸ் பாக்கெட்ல 'ஃப்ளஷ் பண்ணலாம்'னு போட்டிருந்தா நம்பாதீங்க, பம்ப் இம்பெல்லர்ல சுத்திக்கிட்டா அத வெட்டி எடுக்கிறவனுக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை). அடுத்து க்ரிட் சேம்பர், தண்ணி வேகத்த செகண்டுக்கு 0.3 மீட்டர் கிட்ட வச்சா மணல் அடில தங்கும், லேசான சமாச்சாரம் அப்படியே போயிடும். அதுக்கப்புறம் பிரைமரி கிளாரிஃபையர், தண்ணி ரெண்டு மணி நேரம் போல அசையுறதே தெரியாம நகரும், படியுறது படியும், மேல மிதக்குற எண்ணெய வழிச்சு எடுத்துடுவோம். இங்கயே துகள்ல பாதிக்கு மேல போயிடும், ஆனா பிஓடி பாத்தா மூணுல ஒரு பங்குதான் குறைஞ்சிருக்கும்.

பிஓடிங்கிறது, அந்த அழுக்க பாக்டீரியா தின்னு தீக்க எவ்ளோ ஆக்சிஜன் இழுக்கும்ங்கிற கணக்கு. பச்சை சாக்கடைல லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் வரும். ஆத்துத் தண்ணில கரைஞ்சு நிக்கக்கூடிய ஆக்சிஜன் 20 டிகிரில 9 மில்லிகிராம் சொச்சம், 30 டிகிரின்னா ஏழரை. அவ்ளோதான் கையிருப்பு. ஒரு லிட்டர் சாக்கடை இருபது முப்பது லிட்டர் ஆத்துத் தண்ணிய காலி பண்ணிடும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். சாக்கடை கலந்த எடத்துல மீன் செத்து மெதந்தா பல தடவை விஷமே தேவைப்பட்டிருக்காது, மூச்சு முட்டியே செத்திருக்கும்.

அதனால ஆத்துல நடக்க வேண்டிய தீனிய நாங்க டேங்க்குக்குள்ளயே நடத்தி முடிச்சுடுறோம், காத்து அடிக்கிறது அதுக்குத்தான். ஏரேஷன் டேங்க் (காத்து அடிக்கிற தொட்டி) அடில காத்தக் குமிழியா விடுற டிஃப்யூசர் இருக்கும், டிஓ, அதாவது தண்ணில கரைஞ்ச ஆக்சிஜன், லிட்டருக்கு 2 மில்லிகிராம் கிட்ட நிக்கிற மாதிரி ப்ளோயர (காத்து அடிக்கிற மெஷின்) ஓட்டணும், பல பிளான்ட்ல மொத்த கரன்ட்ல பாதி இதுக்கே போயிடும். பாக்டீரியா தின்னு பெருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பழுப்பு கலர்ல திரளும், செகண்டரி கிளாரிஃபையர்ல அது படிய மேல தெளிஞ்ச தண்ணி வழிஞ்சு போகும். படிஞ்ச ஸ்லட்ஜ்ல (அந்த பாக்டீரியா வண்டல்) பெரும்பகுதிய திருப்பி ஏரேஷன் டேங்க்குக்கே அனுப்பணும், சூட்சுமமே அங்கதான் இருக்கு. சாக்கடைக்குக் காத்து அடிச்சுப் பாக்கிறது பழைய ஐடியாதான், ஆனா வாரக்கணக்கா இழுத்துச்சு, 1914ல மான்செஸ்டர்ல ஆர்டெர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் படிஞ்ச வண்டலக் கொட்டாம வச்சுக்கிட்டு மேல இருக்கிற தண்ணிய மட்டும் மாத்தி மாத்திப் பாத்தாங்க, மணிக்கணக்குல வேலை முடிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா ஓடுறது பெரும்பாலும் அதோட வம்சம்தான்.

நதிமூலம்:
எனக்கென்னவோ இதெல்லாம் ஓவரா தெரியுது. தண்ணி நல்லா ஓடுற ஆறா இருந்தா கலந்து கரைஞ்சு போயிடும், ஆறு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும்னு ஸ்கூல்லயே படிச்சோமே. அந்தக் காலத்துல எல்லாரும் நேரா விட்டவங்கதான.

லேப்வாசி:
நதிமூலம் சார், ஆறு சுத்தம் பண்ணிக்கும்ங்கிறது வாஸ்தவம்தான், எவ்ளோ தூரம் போய் பண்ணும்னு பாக்கணும். விட்ட எடத்துலயே ஆக்சிஜன் விழாது, பாக்டீரியா தின்ன ஆரம்பிச்சு தண்ணி கீழ போகப் போகத்தான் அடிமட்டத்துக்கு எறங்கும், அப்புறம் காத்துலேர்ந்து கரைஞ்சு மெல்ல ஏறும். ஒஹையோ ஆத்த வச்சு ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் 1925ல இதுக்கு ஒரு சமன்பாடே போட்டாங்க, இன்னும் பாடத்துல இருக்கு. குழாய் வாய்கிட்ட நின்னு பாத்துட்டு ஒண்ணும் ஆகலையேன்னு சொல்றவங்க தப்பான எடத்துல நிக்கிறாங்க. அந்தப் பள்ளத்துலேர்ந்து ஏறி வர்றதுக்குள்ள அடுத்த ஊர்க் குழாய் வந்து சேந்துச்சுன்னா எங்க ஏற? கோடைல இன்னும் மோசம், தண்ணியும் கம்மி, சூட்டுல கரையுற ஆக்சிஜனும் கம்மி, பாக்டீரியா மட்டும் வேகமா தின்னும்.

அந்தக் காலத்துல நேரா விட்ட கதைதான் 1858 கோடைல லண்டன்ல நடந்துச்சு, தேம்ஸ் நாறி நாடாளுமன்றத்துல உக்கார முடியாம திரைச்சீலைய பிளீச்சிங் பவுடர் கரைசல்ல நனைச்சுத் தொங்க விட்டாங்க. பின்னாடி 1912ல அங்க ராயல் கமிஷன் ஒண்ணு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல பிஓடி 20, துகள் 30க்கு மேல போகக்கூடாதுன்னு சொன்னப்ப, ஆத்துத் தண்ணி கொறஞ்சது 8 மடங்கு கலக்கணும்னும் சேத்துத்தான் சொல்லுச்சு. நீங்க சொல்ற கலக்குற கணக்கு அதுல இருக்கு, ஆனா ட்ரீட் பண்ணினதுக்கு அப்புறம்.

ஓரக்கரை, உங்க 'தெளிஞ்ச தண்ணி' விஷயம். என் டேபிளுக்கு வர்ற சாம்பிள்ல பாக்க பளிச்சுன்னு இருக்கிறதுலயே அமோனியா எகிறிக் கெடக்கிறது உண்டு. பிஎச் (காரத்தன்மை) ஏறினா அது மீனுக்கு நேரடி விஷம். அத நைட்ரேட்டா மாத்த ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேணும், ப்ளோயர் கரன்ட்ல ஒரு நல்ல பங்கு இங்க போகுது. இந்த வேலைய செய்யற பாக்டீரியா மெதுவா வளர்ற டைப், குளிர்ல இன்னும் மெதுவு, ஸ்லட்ஜ அவசரப்பட்டு வெளிய எடுத்தா அதோட இதுவும் போயிடும், திரும்ப வளக்குறதுக்குள்ள தாவு தீந்துடும். நைட்ரேட் ஆகிட்டாலும் விட முடியாது, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரம். நைட்ரேட்ட காத்து அடிக்காத டேங்க்ல விட்டா வேற பாக்டீரியா அதுல இருக்கிற ஆக்சிஜன எடுத்துக்கிட்டு நைட்ரஜன வாயுவா மேல அனுப்பிடும். பாஸ்பரஸ் அப்படி வாயுவா போகாது, ஆலமோ (படிகாரம்) ஃபெரிக் குளோரைடோ போட்டு படிய வைக்கணும், இல்லன்னா பாக்டீரியா உடம்புக்குள்ள ஏத்தி ஸ்லட்ஜோட எடுக்கணும்.

ஓரக்கரை:
செம வெவரம், நன்றி. அப்ப குளோரின்? அப்புறம் அந்த ஸ்லட்ஜ் எல்லாம் கடைசில எங்க போகுது?

பம்ப்ஹவுஸ்:
குளோரின மொதல்லயே போட்டா அமோனியா, சல்ஃபைடு, மத்த கசடு எல்லாத்தோடயும் வினையாகியே தீந்துடும், துகளுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கிருமி கிட்ட போய்ச் சேராது, தேவையில்லாத குளோரின் காம்பவுண்டு உண்டாகும், போதாக்கொறைக்கு எங்க பாக்டீரியாவையும் கொன்னுடும். கடைசில போட்டாலும் மிச்சம் நிக்கிற குளோரின் மீனுக்கு ஆகாது, சோடியம் பைசல்ஃபைட் போட்டு அத எடுத்துட்டுத்தான் விடணும். இப்ப நெறைய எடத்துல குளோரினுக்குப் பதிலா யூவி (புற ஊதா வெளிச்சம்). அதுக்கு மட்டும் நீங்க சொன்ன மாதிரி தண்ணி நல்லா தெளிஞ்சிருக்கணும், கலங்கல் இருந்தா வெளிச்சம் உள்ள போகாது.

ஸ்லட்ஜ் தனிக் கதை. கெட்டியாக்கி டைஜஸ்டர்ங்கிற மூடின டேங்க்ல காத்து புகாம 35 டிகிரி கிட்ட ரெண்டு மூணு வாரம் போல வச்சா பயோகேஸ் வரும், அதுல 60, 65 சதவீதம் மீத்தேன், எஞ்சின் ஓட்டி கரன்ட்ல கொஞ்சம் திரும்ப எடுத்துக்கலாம். அப்புறம் சென்ட்ரிஃபியூஜ்ல (வேகமா சுத்துற மெஷின்) புழிஞ்சா பாக்க மண்ணு மாதிரி வரும், அதுலயும் முக்கால்வாசி தண்ணிதான், நம்ப மாட்டீங்க. புழிஞ்ச தண்ணில அமோனியா மண்டிக் கெடக்கும், அது மறுபடியும் பிளான்ட் தொடக்கத்துக்கே போகணும். ஒண்ணு மட்டும் எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, மேன்ஹோல், ஸ்லட்ஜ் டேங்க்ல ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அளவு ஏறினா மூக்கு மரத்து நாத்தமே தெரியாது. நாத்தம் இல்லன்னு யாரையும் உள்ள எறக்காதீங்க, கேஸ் டிடெக்டர் இல்லாம தலைய நீட்டக்கூட வேணாம்.

நதிமூலம்:
சரி இவ்ளோ பண்ணியும் நாம சாப்பிடுற மாத்திரை, மருந்து எல்லாம் போகுமா?

லேப்வாசி:
எல்லாம் போகாது. பாராசிட்டமால பாக்டீரியா நல்லாவே தின்னுடும், வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் பாதிக்கு மேலயே தப்பிச்சுப் போகலாம், வலிப்புக்குக் குடுக்கிற கார்பமாசெபின் கிட்டத்தட்ட வந்தபடியே வெளிய போகும். ஸ்விட்சர்லாந்துல 2016லேர்ந்து சட்டமாவே வச்சு, தேர்ந்தெடுத்த பிளான்ட்ல ஓசோனோ ஆக்டிவேட்டட் கார்பனோ (உறிஞ்சுற கரி) சேக்குறாங்க. ஓசோன கண்ணை மூடிட்டு வைக்க முடியாது, தண்ணில ப்ரோமைடு இருந்தா ப்ரோமேட்டா மாறும், அது புத்துநோய் சந்தேக லிஸ்ட்ல இருக்கு. அந்த மாதிரி எடத்துல கார்பன்தான்.