பழைய பிக்கப்புக்கு அடியில் புதுச் சேஸி: அளவுகளும் இடிக்கும் இடங்களும்

ரசமட்டம்:

1947 முதல் 1955 முற்பாதி வரை வந்த ஷெவ்ரோலெ 3100 பிக்கப்பின் வீல்பேஸ் (முன், பின் சக்கர நடுவுகளுக்கு இடையே உள்ள தூரம்) 116 அங்குலம். அதற்கு அடியில் ஷெவ்ரோலெயின் பிற்காலச் சிறு பிக்கப்பான எஸ்-10-இன் சேஸி போடலாம் என்பவர்கள் எந்த எஸ்-10 என்று சொல்வதில்லை. குட்டைப் பெட்டி வண்டி 108.3, நீளப் பெட்டி 117.9, எக்ஸ்டெண்டட் கேப் 122.9. மூன்றில் ஒன்றுகூட 116 இல்லை. குட்டையை வாங்கி நடுவில் 7.7 அங்குலம் ஒட்டுப்போடுவதை விட, கொஞ்சம் அலைந்தாவது 117.9-ஐத் தேடுங்கள். அதில் சட்டத்தை வெட்டவே வேண்டாம். பின் பட்டாக்களை (இலை ஸ்பிரிங்குகளை) பிடித்திருக்கும் முன் ஹேங்கர், பின் ஷாக்கிள் ஹேங்கர் இரண்டின் ரிவெட்டையும் எடுத்துவிட்டு, ஜோடியாக 1.9 அங்குலம் முன்னே தள்ளிப் புதுத் துளை போட்டு, கிரேடு 8 போல்ட்டால் பிடித்தால் போதும். சாக் அப்சார்பர் பிடி, பம்ப் ஸ்டாப் (அச்சு சட்டத்தில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இரண்டும் கூடவே நகர வேண்டும். பின் அச்சின் ஹவுசிங்குக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடத்தில் இடைவெளி குறைந்திருக்கும், அதைச் சரிபாருங்கள். பின் டிரைவ் ஷாஃப்டும் அதே அளவு குறையும்.

கேபினைத் தூக்குவதற்கு முன் கதவு மூடியிருக்கும்போது சுற்றிலும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கதவைக் கழற்றி, கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் நடுவே 1 அங்குலச் சதுரக் குழாயைக் குறுக்காக வைத்து டேக் (சிறு புள்ளி வெல்டிங்) அடிக்கவும். இரண்டு தூண்களையும் இடம் வலமாக இணைத்து இன்னொன்று. துருப்பிடித்த கேபின் இது இல்லாமல் தூக்கினால் கால் அங்குலம் விரியும். திரும்ப வைக்கும்போது கதவு சாத்தாது, சேஸியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

மவுண்ட் பிராக்கெட் செய்வதற்கு முன் சேஸியை ஓடும் உயரத்தில் நிறுத்த வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ் ஏறி, ஓட்டப்போகும் டயரே மாட்டி, சட்டத்தை ரசமட்டம் பார்த்து நான்கு ஸ்டாண்டில் வைக்கவும். எடை இல்லாத ஸ்பிரிங்கில் நிற்கும் சேஸியில் அளந்து வெல்டிங் வைத்தால், எஞ்சின் ஏறியதும் மூக்கு இறங்கி, மட்கார்டு வளைவின் நடுவில் சக்கரம் நிற்காது. தூக்குக் குண்டு கட்டி ஹப் நடுவைத் தரையில் குறித்துக்கொண்டால் கேபினை முன்னே பின்னே தள்ளிப் பார்க்க வசதி.

துருத்துளி:

நீளத்தைப் பற்றி ரசமட்டம் சொன்னது சரி. ஆனால் 3100 பாடியில் எஸ்-10 போட்ட வண்டிகளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அகலம். டூ-வீல் டிரைவ் எஸ்-10 ஒடுங்கலானது, டயர்கள் மட்கார்டுக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்று வழி உண்டு.

பின்பக்கத்துக்கு ஃபோர்-வீல் டிரைவ் எஸ்-10 அல்லது அதன் எஸ்.யூ.வி. வடிவமான பிளேசரின் பின் அச்சு ஹவுசிங் சுமார் 4 அங்குலம் அகலம் கூட. போல்ட் வட்டம் அதே 5 போல்ட், 4.75 அங்குலம். பட்டா உட்காரும் பேட் இடம் வேறாக இருக்கும், வெட்டி மாற்றி வெல்டிங் வைக்க வேண்டும். முன்பக்கம் அப்படி எளிதாக மாற்ற முடியாது. அங்கே ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தடித்த வளையம்) அல்லது டயரை வெளியே தள்ளி நிறுத்தும், ஆஃப்செட் குறைந்த வீல்.

ஸ்பேசர் வாங்கினால் ஹப்பின் நடு வளையத்தில் உட்காரும் ரகமாக, தனக்கென்று ஸ்டட் உள்ளதாக வாங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கவே கூடாது. எவ்வளவு வெளியே தள்ளுகிறீர்களோ அவ்வளவுக்கு முன் வீல் பேரிங்கின் மேல் நெம்பு கூடும், ஸ்டியரிங் குழியில் இழுக்கும். ஒரு பக்கத்துக்கு 1.5 அங்குலத்துக்கு மேல் போகாமல், மீதியை வீல் ஆஃப்செட்டிலேயே எடுப்பது என் கட்சி. எல்லாவற்றையும் ஸ்பேசரிலேயே முடிப்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்கு ஒத்துவராது.

பழைய 3100:

சேஸி மாற்றுகிறோம் என்று கிளம்புபவர்கள் எதையெல்லாம் இழக்கிறோம் என்று கணக்குப் போடுவதில்லை. 3100-இல் பிரேக் பெடல், கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் பழைய சட்டத்தில்தான் மாட்டியிருக்கும். பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பழைய சட்டம் போனால் இத்தனையும் போச்சு. கேபின் உட்கார்ந்த பிறகு கால் வைக்க ஒன்றும் இருக்காது.

ஒரு வழி, ஃபயர்வாலில் தொங்கும் பெடல். எஸ்-10-இன் பெடலும் பூஸ்டருமே கிடைக்கும். ஆனால் 3100-இன் ஃபயர்வால் தகரம் பிரேக்கை அழுத்தும்போது உள்வாங்கும். பின்னால் 3/16 அங்குலத் தகடு வைத்து, டேஷ் அடிப்பக்கத்துக்கு ஒரு தாங்கி கொடுத்தால்தான் பெடல் கெட்டியாக இருக்கும். இன்னொரு வழி, புதுச் சட்டத்தில் பிராக்கெட் வெல்டிங் வைத்துத் தரைக்கு அடியிலேயே பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் வைப்பது. கேபின் பார்க்கப் பழையபடியே இருக்கும், எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் அப்போது மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரை விடத் தாழ்வாக வந்துவிடும். பிரேக் ஆயில் திரும்பி வழிந்து இறங்கும், முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ, டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைப்பது) போட வேண்டும். சில மாஸ்டர் சிலிண்டரில் டிரம் வால்வு உள்ளேயே இருக்கும், அதற்கு மேல் இன்னொன்று போட்டால் பின் பிரேக் பிடித்தபடி ஓடிச் சூடாகும். பெடல் விகிதம் பூஸ்டர் இல்லாமல் 6-க்கு 1, பூஸ்டர் இருந்தால் 4-க்கு 1 என்ற அளவில் வையுங்கள்.

ஸ்டியரிங்கும் அப்படித்தான். பழைய ஸ்டியரிங் தண்டும் (column) ஸ்டியரிங் பாக்ஸும் ஒரே நீளக் கம்பி. மோதலில் அது நேராக நெஞ்சுக்கு வரும். அதை வைத்து வேலை பார்க்க வேண்டாம், மடங்கும் தண்டாகப் போடுங்கள். தண்டிலிருந்து எஸ்-10 பாக்ஸ் வரை நேர்கோடு கிடைக்காது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குறுக்கே நிற்கும். ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட் 30 டிகிரியைத் தாண்டினால் ஸ்டியரிங் இறுக்கமும் தளர்வுமாக மாறி மாறி வரும். மூன்று ஜாயிண்ட் வைத்தால் நடு ஷாஃப்டுக்கு ஒரு தாங்கு பேரிங் கட்டாயம், இல்லையென்றால் ஷாஃப்ட் சாட்டை மாதிரி சுழலும். ஜாயிண்ட்களின் முள்கரண்டிகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே திருகுங்கள்.

ரேடியேட்டர் சப்போர்ட் இன்னொரு தலைவலி. 3100-இல் முன் மட்கார்டு, கிரில் எல்லாம் அந்தச் சப்போர்ட்டைத் தான் நம்பியிருக்கின்றன. எஸ்-10-இல் அதற்கு இருக்கை கிடையாது. கேபின், மட்கார்டு, பானெட் மூன்றையும் போல்ட்டில் தளர்வாகக் கட்டி, இடைவெளி சரியான பிறகு சப்போர்ட்டின் உயரத்தை எடுத்துப் பிராக்கெட் செய்யுங்கள். முதலில் பிராக்கெட் செய்துவிட்டுப் பாடியை அதற்கு இழுத்துப் பொருத்தினால் பானெட் ஓரம் ஒரு பக்கம் எப்போதும் தூக்கியே நிற்கும்.

பின்பெட்டியையும் சொல்லிவிடுகிறேன். எஸ்-10 சட்டம் ஹவுசிங் மேலே வளைந்து ஏறும். வண்டியைத் தாழ்த்தி வைத்தால் மரத்தளத்தை உயர்த்தியே ஆக வேண்டும். எவ்வளவு என்று பம்ப் ஸ்டாப் முட்டும் நிலையில் அளந்து பாருங்கள், நிற்கும் நிலையில் அளந்தால் ஏமாறுவீர்கள்.

கிழக்குக் கரை:

பழைய 3100 அண்ணா, ஃபோர்டு ஆட்களையும் கொஞ்சம் கவனியுங்கள். ஃபோர்டின் எஃப்-100 பிக்கப், குட்டைப் பெட்டி, 1965 முதல் 1972 வரை, வீல்பேஸ் 115. ஃபோர்டின் கிரௌன் விக்டோரியா கார் 114.7. அந்தக் காரின் சேஸியைப் போடலாம் என்று பலரும் மயங்குவது இந்த 0.3 வித்தியாசத்தில்தான்.

பழைய 3100:

சொல்லுங்கள் தம்பி, அதை முழுசாக வைத்துப் பார்த்தவர் நீங்கள்தானே.

கிழக்குக் கரை:

எஃப்-100-இன் சட்டம் ஏணி மாதிரி நேராக ஓடும். கிரௌன் விக் சட்டம் முன் சக்கரத்தைத் தாண்டியதும் வெளியே விரிந்து, காரின் கதவுக்கு அடியில் ஓடி, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ளே மடங்கி மேலே ஏறும். பிக்கப் கேபினின் மவுண்ட்கள் தேடும் இடத்தில் அங்கே இரும்பே இல்லை. ஓரச் சட்டத்திலிருந்து உள்நோக்கிக் கைகள் நீட்டி, ஒவ்வொரு மவுண்ட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். கேபின் தரையும் கியர்பாக்ஸ் மேடும் வெட்டுப்படும். பின்னால் காரின் பெட்ரோல் டேங்க் ஹவுசிங்குக்குப் பின்னால் உயரமாக நிற்கும், பெட்டித் தளத்தைக் கிழித்துக்கொண்டு வரும். வேறு டேங்க் போட்டால் அதற்குள் பொருந்தும் பம்ப் வேண்டும், ஏனென்றால் கிரௌன் விக்கின் 4.6 லிட்டர் எஞ்சினுக்கு, மிஞ்சும் பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் கிடையாது. பம்ப் வேகத்தையே கம்ப்யூட்டர் ஆட்டுகிறது.

2005 முதல் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இல்லை. காரின் பெடலையே கொண்டுவந்து மாட்ட வேண்டும். சாவி, சாவி உருளை, அதைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம் இவற்றைக் காரோடு விட்டுவிட்டு வந்தால் எஞ்சின் பற்றாது. நன்கொடை வண்டியை (சேஸி எடுக்கும் வண்டியை) உடைப்பதற்கு முன், அது தானாக ஸ்டார்ட் ஆகி ஓடும்போதே ஒவ்வொரு கனெக்டருக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள். வயரிங்கை வெட்டி எடுத்தவர் மொத்தச் சேஸியையும் பாதி விலைக்கு விற்பதைத்தான் பார்க்கலாம்.

நேராகச் சொன்னால், எஃப்-100-க்கு முழு கிரௌன் விக் சேஸி வேண்டாம். 2003 முதல் 2011 வரை வந்த வண்டிகளின் முன் சஸ்பென்ஷன் முழுவதும் ஒரே அலுமினிய கிராஸ் மெம்பரில் போல்ட்டால் இறங்குகிறது. ரேக் ஸ்டியரிங், சுருள் ஸ்பிரிங், டிஸ்க் எல்லாம் அதோடு வரும். அதை மட்டும் எடுத்து எஃப்-100-இன் பழைய சட்டத்தில் ஏற்றுங்கள். அலுமினியத்தை இரும்போடு வெல்டிங் வைக்க முடியாது. ஆகவே சட்டத்துக்கு உள்ளே குழாய் நட்டு, அடியில் தகடு வைத்து, போல்ட்டில்தான் பிடிக்க வேண்டும். குழாய் இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் சட்டம் நசுங்கிப் பிடி தளரும். வீல் 5 போல்ட், 4.5 அங்குல வட்டம், பாசிடிவ் ஆஃப்செட் அதிகம்; பழைய டீப் டிஷ் வீல் போட்டால் டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். 1953 முதல் 1956 வரை உள்ள எஃப்-100-க்கு இந்த முன்பக்கமே அகலம் மிகுதி, அதற்கு ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் ரக முன் சஸ்பென்ஷன்தான் அடக்கமாக இருக்கும்.

துருத்துளி:

டாட்ஜ் டகோட்டா பிக்கப்பின் சேஸி பற்றி யாரும் சொல்லவில்லை. குட்டை டகோட்டாவின் வீல்பேஸ் 111.9. 1955 பிற்பாதி முதல் வந்த ஷெவி 3100 வீல்பேஸ் 114, ஆக 2 அங்குலம் நீட்டினால் போதும். டூ-வீல் டிரைவில் ரேக் ஸ்டியரிங் உண்டு, அகலமும் எஸ்-10-ஐ விடத் தோதானது. வீல் வட்டம்தான் இடைஞ்சல்: 1991 முதல் 6 போல்ட், 4.5 அங்குலம். பழைய வண்டிக்கு அழகான வீல் அந்த வட்டத்தில் கிடைப்பது அபூர்வம்.

ரசமட்டம்:

108.3-ஐ ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இருப்பார்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் கேபினுக்குப் பின்னால் நேராக ஓடும் பகுதியில் வெட்டுங்கள். வளைவில் கூடாது, கிராஸ் மெம்பர் ஓரத்திலும் கூடாது. வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கச் சட்டத்தையும் நீள ஆங்கிளால் டேக் வைத்துப் பூட்டி, மூலைவிட்டம் எடுத்து எழுதுங்கள். செங்குத்தாக ஒரே கோட்டில் வெட்ட வேண்டாம். படிக்கட்டு மாதிரி, மேல் விளிம்பு ஒரு இடத்திலும் கீழ் விளிம்பு இன்னொரு இடத்திலுமாக வெட்டினால் வெல்டிங் முழுவதும் ஒரே குறுக்குக்கோட்டில் சேராது. சேர்க்கும் துண்டு அதே கனத்தில், அதே வடிவத்தில் இருக்க வேண்டும். இன்னொரு எஸ்-10 சட்டத்தின் துண்டே சிறந்தது. ஒட்டுத் தகட்டைச் சாய்சதுரமாக வெட்டுங்கள். தகட்டின் முனை செங்குத்தாக முடிந்தால் அந்த வெல்டிங் ஓரத்திலிருந்தே விரிசல் கிளம்பும். மேல், கீழ் விளிம்புகளின் குறுக்கே வெல்டிங் இழுக்க வேண்டாம். முடித்ததும் மூலைவிட்டங்கள் 1/8 அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் எஞ்சின் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் அதைக் கடிக்கும்.

பதிவேடு:

காசு கொடுப்பதற்கு முன் உங்கள் அமெரிக்க மாநிலத்தின் மோட்டார் வாகன அலுவலகத்தில் கேளுங்கள். 3100-இன் அடையாள எண் (VIN) தகடு கேபினின் கதவுத் தூணில் இருக்கும். சில மாநிலங்களில் பழைய பதிவு எஞ்சின் எண்ணிலேயே இருக்கும். 1967-72 எஃப்-100-இல் எண் வலது சட்டத்தின் மேலும் அடிக்கப்பட்டிருக்கும். சட்டம் போனால் அந்த எண்ணும் போகிறது. அடையாள எண் தகட்டைப் பெயர்த்து வேறு வண்டிக்கு மாற்றுவது அமெரிக்க ஃபெடரல் சட்டத் தொகுப்பு 18, பிரிவு 511-இன்படி குற்றம். சில மாநிலங்கள் சேஸியின் ஆண்டையே வண்டியின் ஆண்டாக எடுக்கும். கலிஃபோர்னியாவில் 1975 வரையுள்ள மாடலுக்குப் புகைச் சோதனை இல்லை, ஆனால் வண்டி எஸ்-10-இன் ஆண்டில் பதிவானால் சோதனைக்குப் போக வேண்டும். நன்கொடை வண்டியின் உரிமைப் பத்திரம், விற்பனைச் சீட்டு, சேஸி எண்ணின் படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். பரிசோதகர் முதலில் கேட்பது அதைத்தான்.

துருத்துளி:

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். 1955 முற்பாதி வரை ஷெவி 6 வோல்ட். எஸ்-10 சேஸி வந்தால் 12. பல்பு எல்லாம் மாற்ற வேண்டும், ஹீட்டர் மோட்டாருக்கு வோல்ட் குறைப்பான் வேண்டும். பெட்ரோல் மீட்டரில்தான் பலரும் குழம்புவார்கள். பழைய மீட்டர் 0 முதல் 30 ஓம் வரை பார்க்கும், எஸ்-10 டேங்க்கின் அளவி (பெட்ரோல் மட்டத்தை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் பாகம்), 1990-களின் நடு வரை, 0 முதல் 90. இரண்டையும் நேராக இணைத்தால் டேங்க் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியபோதே முள் முழுசு காட்டும். அதற்குக் கீழே இறங்கும் வரை முள் அசையாது. டேங்க்கை ஏற்றுவதற்கு முன்பே 0-30 அளவியை மாட்டிவிடுங்கள். பெட்டித் தளம் போட்ட பிறகு அதை எட்ட முடியாது.