மூணாவது சுத்து

காட்பாடிக்காரன்:
எழுபது, எண்பது வயதிலும் ‘இது என்ன, அது ஏன்’ என்று கேட்பதை நிறுத்தாதவர்கள் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தது எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவை. அப்போது அவருக்கு 82.

ஏழெட்டு வருடம் முன்பு, மே மாதம். பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துப் போக வேன் பேசியிருந்தோம். ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, அங்கேதான். அப்போது அது வேலூர் மாவட்டம். 2019-இல் பிரித்தபோது திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது. சனிக்கிழமை மாலை பொதுமக்களை உள்ளே விடுவார்கள். வேன் கிளம்பும் நேரம் பார்த்து ஆயா சுருக்குப்பையோடு வந்து நின்றார். “வாரா வாரம் அந்தச் சனீஸ்வரனுக்கு எள்ளு வெளக்கு ஏத்துறேன். ஒரு தபா நேர்ல பாத்துட்டு வரேன்.”

மலை வளைவுகளில் பிள்ளைகள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஆயா எடுக்கவில்லை. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியைச் சுற்றிக் காட்டினார்கள். அது ஆராய்ச்சிக்கு, நாம் பார்க்கச் சின்னதாக ஒன்று வைத்திருந்தார்கள். முதலில் வியாழன். பார்த்தவர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். சனி கிழக்கே மேலேறி வர ஒன்பதரை ஆனது. அதுவரை ஆயா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் குனிந்து கண்ணை வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. “டேய், வளையம் போட்டுகினு நிக்கிறான்டா!”

விளக்கிச் சொன்ன தம்பி, சனி சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 29½ வருடம் ஆகும் என்றார். ஆயா விரலை மடக்கினார். “முப்பது வருசம், பன்னெண்டு ராசி. ராசிக்கு ரெண்டரை. நம்ம ராசி, அதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு… ஏழரை! அட, இதான் அந்தக் கணக்கா?” தம்பி சிரித்துவிட்டார். அதோடு விட்டாரா? “நான் இப்ப பாத்தது இப்ப இருக்கிற சனியா?” அங்கிருந்து வெளிச்சம் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றதும், மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

திரும்பும்போது வேனில் சொன்னது: “மூணாவது சுத்து மரணச் சனின்னு பயமுறுத்துவாங்க. எனக்கு அது மூணாவது சுத்துதான். நேர்லயே பாத்துட்டேன், இன்னா பண்ணிடுவான்?” எள் விளக்கை மட்டும் நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாலாற்றங்கரை:
நான் பார்த்தவர் கூத்துக்காரர். ஆற்காடு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம், அர்ச்சுனன் தபசு அன்றைக்கு. நட்டுவைத்த உயரமான மரத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். குழந்தை வரம் கேட்கும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். நம்மவர் ஐம்பது வருடம் அப்படி ஏறியவர். இப்போது மகன் ஏறுகிறார். பெரியவர் கீழே பொடியன்களோடு உட்கார்ந்து, கூத்துக்கு ஊதும் முகவீணை பழகிக்கொண்டிருந்தார். “முட்டி ஒத்துக்கல தம்பி. ஆனா இத்தினி வருசம் எனக்குப் பின்னால நின்னு ஊதினானே, அவன் இன்னா ஊதினான்னு தெரிஞ்சிக்க வேணாமா?” ஊதியது சுமார்தான். பாதி வெறும் காற்று.

சத்துவாச்சாரி:
எல்லாம் சரி, வயதானவர்கள் எல்லாரும் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டுமா? ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் முப்பத்தைந்து வருடம் நின்றே வேலை பார்த்தவர் எங்கள் அப்பா. நடக்கப் போங்கள் என்று ஷூ வாங்கிக் கொடுத்தேன், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் பேரன் வேலூர்ப் புரட்சிப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். 1806 ஜூலை 10, புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த குஞ்சம், சிப்பாய்களுக்குக் கோபம். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “இன்னா தோலு? மாடா, பன்னியா? எதுல பதம் போட்டாங்க?” பையன் புத்தகத்தைப் புரட்டினான், அதில் இல்லை. மறுநாள் காலையில் அப்பாவையும் காணோம், ஷூவையும் காணோம். கோட்டைக்குள் இருக்கும் மியூசியம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றிருக்கிறார். வெயிலில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, பதில் கிடைக்கவில்லை என்று என்மேல் எரிந்து விழுந்தார். அந்தக் காலத்தில் எப்படிப் பதம் போட்டார்கள் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? நாளைக்கும் கிளம்புவேன் என்கிறார்.