மறு: அக்ளிமடைசேஷன் – சேற்றைப் பழக்குவதா, வசக்குவதா?

> மருந்து ஆலைக் கழிவுநீரை நுண்ணுயிரால் சுத்திகரிப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறோம். 'அக்ளிமடைசேஷன்' (புதுக் கழிவுநீருக்கு நுண்ணுயிர்களைப் பழக்குவது) வருமிடத்தில் 'தட்பவெப்ப இணக்கம்' என்று போடலாமா?

வணக்கம்.

வேண்டாம். கொடைக்கானலுக்குக் குடிபோகிறவருக்கு அந்தச் சொல் பொருந்தும். தொட்டியில் இருக்கும் உயிர்களுக்கு மாறுவது குளிரோ வெயிலோ அல்ல, சாப்பாடு.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். புதுத் தொட்டி என்றால் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் ஸ்லட்ஜ், அதாவது நுண்ணுயிர்கள் நிறைந்த சேறு, கொண்டுவந்து ஊற்றுவோம். கிடைக்காவிட்டால் சாணக் கரைசல். வெல்லம், யூரியா, டிஏபி போட்டுக் காற்றடித்துச் சில நாள் வளர்ப்போம். அப்புறம்தான் ஆலைத் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஏற்றிக்கொண்டால் பங்கைக் கூட்டுவோம், முரண்டினால் குறைப்போம். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை.

நான் முன்பு இருந்த ஓர் ஆலையில், ஒரு ராத்திரி கரைப்பான் கலந்த கழுவுநீரை யாரோ மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். காலையில் ஒரு லிட்டர் அளவு உருளையில் தொட்டி நீரைப் பிடித்து வைத்தோம். நல்ல நாளில் அரை மணி நேரத்தில் சாக்லெட் நிறச் சேறு அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும், மழை பெய்த மண் வாசம் வரும். அன்று அரை மணி கழிந்தும் உருளை முழுக்கக் கலங்கல். நுண்ணோக்கியில் காம்பின் மேல் மணி கவிழ்த்தது போல ஆடிக்கொண்டிருக்கும் வோர்ட்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிர் ஒன்றுகூட இல்லை. ஆபரேட்டர் சொன்னார்: "ஸ்லட்ஜ் படுத்திருச்சு சார்."

பாரம் தாங்காத மாட்டைச் சொல்வது போலவே சொன்னார். என் பரிந்துரையும் அங்கிருந்துதான் வருகிறது. காளங்கன்றை எடுத்த எடுப்பில் பாரவண்டியில் பூட்ட மாட்டார்கள், முதலில் வசக்குவார்கள். ஆகவே அக்ளிமடைசேஷன் = வசக்கல். 'பழக்கல்' தப்பில்லை, ஆனால் எதற்கும் பொருந்துகிற சொல் கலைச்சொல்லாக நிற்காது.

கூடவே இரண்டு. வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றுவதற்கு, பாலுக்கு உறை ஊற்றுவது போல, உறைச்சேறு. 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' என்பதற்கு உயிர்ச்சேறு. 'செயலூட்டப்பட்ட கசடு' என்கிறார்கள். யாரும் அதற்குச் செயலை ஊட்டவில்லை. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் செய்ததெல்லாம், அடியில் படிந்ததைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன் மேலேயே அடுத்த சாக்கடை நீரை ஊற்றிக் காற்றடித்ததுதான். முதலில் ஐந்து வாரம் பிடித்த வேலை போகப் போக ஒரே நாளில் முடிந்தது. வேலை செய்வதே அந்தச் சேறுதான், அதைப் போய்க் கசடு என்பானேன்?

———

> அக்ளிமடைசேஷன் = வசக்கல்

ஐயா, அழகான சொல். ஆனால் நுண்ணுயிரியல் பக்கம் இருப்பதால் ஒரு மறுப்பு.

வசக்கிய மாடு, வசக்குவதற்கு முன் இருந்த அதே மாடு. சேறு அப்படியில்லை. தாங்காதவை செத்துப்போகும், தாங்கியவை பெருகும். இரண்டு மாதம் கழித்துத் தொட்டியில் இருப்பது வேறு கூட்டம். 'வசக்கல்' என்றால் எல்லாம் நம் கைக்குள் இருப்பது போல ஒரு தோற்றம் வருகிறது. மருந்து ஆலைத் தண்ணீரில் அது ஆபத்தான தோற்றம்.

ஐதராபாத் பக்கம் பட்டான்செரு தெரிந்திருக்கும். சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் வந்து சேர்ந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம். சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த மாத்திரையை விழுங்கும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. 2013இல் இன்னோர் ஆய்வு, அதே நிலையத்தின் பல கட்டங்களில் எடுத்த 93 பாக்டீரியா வகைகளைச் சோதித்தது. 86 விழுக்காடு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அசையவில்லை.

அந்தச் சேறும் 'வசக்கிய சேறு'தான். மருந்தைத் தின்னப் பழகியதா, தாங்கப் பழகியதா? சிப்ரோவில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: தின்னாமலே சேற்றில் ஒட்டிக்கொள்ளும். நீரில் குறைந்துவிட்டது என்று கணக்குக் காட்டலாம், மருந்து சேற்றோடு லாரியில் போய்க்கொண்டிருக்கும்.

———

> தின்னப் பழகியதா, தாங்கப் பழகியதா?

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் சொல் தொட்டிக்கு மேலே நிற்கிற ஆளின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறது.

வால்வைத் திருகி, பங்கைக் கூட்டிக் குறைக்கும் நம் வேலைக்கு 'வசக்கல்' இருக்கட்டும். உள்ளே நடப்பதற்கு 'தேறல்' என்று வைக்கலாமா? பிழைத்து வருவதும் தேறுவது, பரீட்சையில் கரையேறுவதும் தேறுவது, கலங்கல் தெளிவதும் தேறுவது. கலங்கிய தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை உரைத்த ஊர்க்காரர்களுக்குப் புரியாமல் போகாது. (தேறல் என்றால் பழந்தமிழில் தெளிந்த கள் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். தொட்டி நுரைக்கும்போது பார்த்தால் அதுவும் பெரிய பொருத்தமின்மை இல்லை.)

உங்கள் கேள்விக்கு அடைமொழி போட்டுக்கொள்வோம்: தின்று தேறல், தாங்கித் தேறல். ஒட்டிக்கொள்வதற்குப் 'படிவு' வேண்டாம், உருளையில் அடியில் தங்குவதோடு குழம்பும். 'ஒட்டல்' போதும். கையேட்டில் இந்த மூன்றும் தனித்தனிப் பத்தியாக வரட்டும். சிஓடி (நீரில் உள்ள கழிவை மொத்தமாகக் காட்டும் அளவு) இறங்கியதை மட்டும் வைத்து 'தின்று தேறியது' என்று எழுத விடக்கூடாது. வெளியேறும் நீரிலும் சேற்றிலும் மருந்தையே அளந்த பிறகுதான் அந்தச் சொல்.

> 'உறைச்சேறு' என்றால் உறைந்துபோன சேறு என்று படிக்க மாட்டார்களா?

உறைமோரை யாரும் உறைந்த மோர் என்று படிப்பதில்லை. நேற்று ஆபரேட்டரிடம் மூன்று சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். உறைச்சேறுக்கு உடனே தலையாட்டினார். வசக்கலுக்குச் சிரித்தார். உயிர்ச்சேறு என்றதும், "அப்ப செத்தா என்ன சார் சொல்றது?" என்றார். அதற்கும் ஒரு சொல் வேண்டும், குழுவில் யாராவது யோசியுங்கள்.