ஸ்நார்க்கலிங்: 'தூம்பு மிதப்பு' எனும் பரிந்துரை (கலைச்சொல் விவாதம், மறுமொழி)

அன்புடையீர்,

ஸ்நார்க்கலிங் என்பது வாயில் ஒரு குழலைக் கடித்து அதன் வழியே மூச்சுவிட்டபடி, நீர்மட்டத்தில் குப்புறக் கிடந்து கடலடியைப் பார்ப்பது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் இதுவரை வந்துள்ள 'முக்குளிப்பு', 'மூச்சுக்குழல் நீச்சல்' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சொல் அகராதியில் மட்டும் உட்காரப் போவதில்லை. கரீபியன் கப்பல் பயணம் போகும் தமிழர்களுக்காக நான் தொகுத்துவரும் கையேட்டில், தண்ணீரில் இறங்குவதற்கு முன் படிக்க வேண்டிய பக்கத்தில் அது வரப்போகிறது. அங்கே சொல் தவறினால் ஆளே தவறிவிடலாம்.

பொதுவாகப் பேசாமல் ஓர் இடத்தை வைத்துப் பேசுவோம். கரீபியனிலுள்ள கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுனில் உல்லாசக் கப்பல்கள் கரையை அணைவதில்லை. வெளியே நங்கூரமிட்டு நிற்கின்றன. பயணிகளைச் சிறு படகுகள் கரை சேர்க்கின்றன. படகுத்துறையிலிருந்து கடலோரச் சாலையில் தெற்கே பத்து நிமிடம் நடந்தால் ஈடன் ராக் என்ற கடலிறங்கும் இடம். அதை ஒட்டி டெவில்ஸ் குரோட்டோ. அங்கே மணற்கரை கிடையாது. வெறுங்காலை வைத்தால் கிழித்துவிடும் அளவுக்குக் கூர்கூராக அரிக்கப்பட்ட கருஞ்சுண்ணாம்புப் பாறைதான் கரை. படியில் இறங்கி, ஏணியைப் பிடித்துக் கடலில் இறங்க வேண்டும். சற்றே தள்ளிப் பவளத்திட்டுகள் நீர்மட்டத்தை நெருங்கி எழுந்து நிற்கின்றன. இடையிடையே குகைகள், வளைவுகள். அடிமணல் சுமார் 40 அடி ஆழத்தில். குகைவாயில் ஆளுயர டார்ப்பன் மீன்கள் பகல் முழுவதும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கோடையில் விரல்நீளச் சிறுமீன்கள் கூட்டம் கூட்டமாகக் குகைகளை நிறைக்கும்போது டார்ப்பன்களுக்கு வேட்டைக் காலம்.

இதே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். ஒருவர் முதுகில் காற்றுக்கலத்துடன் குகைக்குள் புகுந்து டார்ப்பனை நேருக்கு நேர் பார்ப்பவர். மற்றவர் மேலே குப்புறக் கிடந்து அதன் முதுகைப் பார்ப்பவர். முன்னவர் செய்வது முக்குளிப்பு, அதில் ஐயமில்லை. முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி மூழ்கிய தூத்துக்குடிக் குளியாளிகள் செய்ததும் அந்த இனமே. இரண்டாமவரையும் முக்குளிப்பவர் என்று எழுதிவிட்டால், 'முக்குளிப்போர் குகைக்குள் செல்லலாம்' என்ற ஒரு வரி யாருக்கானது என்று எப்படித் தெரியும்?

இது பெயர்ச் சிக்கலோடு முடிவதில்லை, இயற்பியலும் இருக்கிறது. கடலில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே அதில் பத்தில் ஒரு பங்கு மார்பை நசுக்கும். குழலின் வழியே நுரையீரலுக்கு வருவதோ மேற்பரப்பின் சாதாரணக் காற்று. அந்த வேறுபாட்டை எதிர்த்து விலாவை விரித்து மூச்சிழுக்க நம் தசைகளால் இயலாது. குழலை நீட்டுவதும் உதவாது. விட்ட மூச்சு வெளியேறாமல் குழலிலேயே தங்கி மறுபடி உள்ளே போகும். கடையில் விற்கும் குழல்கள் எல்லாம் சுமார் 40 செ.மீ. அளவில் நின்றுவிடுவது இதனால்தான். ஆக, இந்தக் கருவி மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்யும். 'முக்குளிப்பு' என்று பெயரிட்டுப் புதியவரின் கையில் குழலைக் கொடுத்தால், அதைக் கடித்துக்கொண்டு கீழே போய்ப் பார்க்கலாம் என்று அவர் நினைப்பதில் என்ன வியப்பு?

'மூச்சுக்குழல்' பற்றி: பள்ளி உயிரியலில் தொண்டையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் உறுப்பை நாம் மூச்சுக்குழல் என்றே படித்திருக்கிறோம். 'மூச்சுக்குழலில் நீர் புகுந்தால் பலமாக ஊதி வெளியேற்றவும்' என்று கையேட்டில் எழுதினால் எந்தக் குழல்? ஒன்றில் நீர் புகுவது அன்றாடம். மற்றதில் புகுவது ஆபத்து. பாதுகாப்புக் குறிப்பில் இந்தக் குழப்பத்துக்கு இடம் தரவே கூடாது.

என் பரிந்துரை 'தூம்பு'. முழுப்பெயர் 'உயிர்த்தூம்பு'. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். தூம்பு என்றால் உள்ளே துளையுள்ள நீண்ட பொருள். சங்கப் பாடலில் 'களிற்று உயிர்த் தூம்பு' என்றொரு இசைக்கருவி வருகிறது; யானையின் நெட்டுயிர்ப்புப் போல ஒலிப்பது என்று உரை சொல்லும். யானை ஆழ்நீரைக் கடக்கும்போது உடல் முழுவதும் மூழ்கினாலும் துதிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மூச்சுவிடும். இந்தக் கருவி செய்வதும் அதையேதான். நீருக்குள் இறங்குவோர் மேலிருந்து காற்றை இழுக்கப் பயன்படுத்தும் கருவியை யானையின் நீண்ட மூக்கோடு அரிஸ்டாட்டிலே ஒப்பிட்டிருக்கிறார். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் காற்றுக்குழாய்க்கு மாலுமிகள் இட்ட பெயரிலிருந்து வந்த ஸ்நார்க்கல் என்ற சொல்லும் மூக்கு என்ற பொருளுடைய வழக்குச் சொல்தான். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நாட்டார் மூக்கையே நினைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தச் சொல் ஆயத்தமாகவே இருக்கிறது.

தூம்பு என்றதும் ஏரி மதகுதான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வரட்டுமே! ஏரித் தூம்பு நீரைக் கொண்டுபோகிறது, இது காற்றைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் அடிப்பொருள் ஒன்றே. ஏரிக்கரையிலும் பவளத்திட்டிலும் ஒரே நேரத்தில் நிற்பவர் யாருமில்லை, குழப்பம் வராது.

அடுத்து, நீச்சலா மிதப்பா என்பது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீச்சல் என்றால் கையை வீசிக் காலை உதைத்து முன்னேறுவது. இங்கே அப்படிச் செய்பவருக்கு மூச்சு வாங்கும். குறுகிய குழல் வழியே வேகமாக மூச்சிழுக்க முடியாமல் பதற்றம் வரும். பதறியவர் உடலை நிமிர்த்திக் காலூன்ற இடம் தேடுவார். காலுக்கு அகப்படுவது பவளம். அதன் மேல் ஒருமுறை மிதித்தால் போதும், பல ஆண்டு வளர்ச்சி ஒடிந்துபோகும். கேமன் தீவுகளில் 1986 முதல் கடற்பூங்காக்கள் இருந்தும், 2020 முதல் கற்பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் அங்கே பரவிவருகிறது. நோயில் தப்பி நிற்கும் பவளத்தை நம்மவர் கால் உடைக்கலாமா? முகம் கீழே, உடல் கிடையாக, கை ஓய்வாக, கால் மட்டும் மெல்ல அசைய வேண்டும். இதற்குத் தமிழில் மிதப்பு என்றுதான் பெயர். செருக்குக்கும் மிதப்பு என்கிறோமே என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. வலையின் மிதப்புக்கட்டையைப் பற்றிப் பேசும்போது யாரும் செருக்கை நினைப்பதில்லை.

எனவே: கருவிக்கு உயிர்த்தூம்பு அல்லது தூம்பு; செயலுக்குத் தூம்பு மிதப்பு; ஆளுக்குத் தூம்பு மிதப்பர். வினையாக 'தூம்பணிந்து மிதந்தோம்' என்று இயல்பாக எழுதலாம்.

கரையிலிருந்தே இறங்கிச் செய்வதற்கு 'கரையிறங்கு தூம்பு மிதப்பு' என்ற முன்மொழிவு வந்தது. ஒலி நன்றாக இருக்கிறது, பொருள் இடிக்கிறது. கப்பல் பயணிக்குக் கரையிறங்குவது என்றால் கப்பலை விட்டுத் தரைக்கு வருவது. இவர் செய்வது கரையை விட்டுக் கடலுக்குள் போவது. நேர் எதிர்! 'கரைவழித் தூம்பு மிதப்பு', 'படகுவழித் தூம்பு மிதப்பு' என்று பிரித்துவிட்டால் தெளிவாகிவிடும். கிராண்ட் கேமனிலேயே இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்டிங்ரே சிட்டி மணல்திட்டில் திருக்கை மீன் பார்ப்பது படகுவழி. ஜார்ஜ் டவுன் துறைக்கு வடக்கே, 1944இல் அரிசிச் சரக்கோடு மூழ்கிய 'காலி' (Cali) என்ற கப்பலின் சிதைவை, 20 அடி ஆழத்தில் கிடப்பதை, மேலிருந்து பார்ப்பது கரைவழி. ஆனால் பயணிகளை ஏற்றி இறக்கும் படகுகளின் தடத்தைக் குறுக்கே கடக்கவே கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.

காற்றுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். கரீபியனில் ஆண்டின் பெரும்பகுதி வீசுவது கிழக்குக் காற்று, நம் கொண்டல். ஜார்ஜ் டவுன் தீவின் மேற்குக் கரையில், காற்றுக்கு ஒதுக்கமாக இருப்பதால்தான் கப்பல்கள் அங்கே நிற்கின்றன, கடலும் தெளிந்திருக்கிறது. குளிர்காலத்தில் சில நாள் காற்று மாறி வடமேற்கிலிருந்து, நம் வாடைப் பக்கமிருந்து, வீசும்போது அந்த ஒதுக்கம் போய்விடும். கப்பல்கள் தென்கரையின் ஸ்பாட்ஸ் துறைக்கு மாறும். 'கொண்டலில் இறங்கு, வாடை திரும்பினால் இறங்காதே' என்று கையேட்டில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

கப்பலில் ஓடும் கடிகார நேரத்துக்குக் 'கப்பல் நேரம்' என்பதை அப்படியே ஏற்கலாம். கேமன் தீவுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதில்லை, அமெரிக்காவின் மயாமி வைக்கும். கோடையில் மயாமி நேரத்திலேயே ஓடும் கப்பலுக்கும் கரைக்கும் ஒரு மணி நேர வேறுபாடு வந்துவிடும். கரைக் கடிகாரத்தை நம்பி மிதந்துகொண்டிருப்பவருக்குக் கடைசிப் படகு கிடைக்காது.

காலில் மாட்டுவதற்குக் 'கால்துடுப்பு' போதும். முகத்தில் அணிவதற்கு 'முகமூடி' வேண்டாம், 'முகக்கண்ணாடி' நல்லது. கரையின் அந்தக் கூர்ப்பாறைக்கு அவ்வூரார் இரும்பை வைத்து 'அயர்ன்ஷோர்' (இரும்புக்கரை) என்று பெயரிட்டிருக்கிறார்கள். நமக்கு 'முட்பாறை' என்றால் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அகப்படவில்லை. பாறையோரத்தில் அலை உடையாமலேயே நீர் ஆளை முன்னே தள்ளி, உடனே பின்னே இழுக்கும் அல்லவா? ஈடன் ராக் ஏணியில் திரும்ப ஏறும்போது அதுதான் சிக்கல். தள்ளும்போது ஏணியைப் பற்ற வேண்டும். ஒரு கையால் பிடித்தபடி கால்துடுப்புகளைக் கழற்ற வேண்டும். இழுப்பு அடங்கிய இடைவெளியில் படியேற வேண்டும். நீரோட்டம் என்று எழுதினால் ஒரே பக்கம் ஓடுவதாகப் பொருள்படும். அலை என்றால் நுரை தெரிய வேண்டும். 'அலைவாங்கு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், மனத்துக்கு ஒப்பவில்லை. பாறைக்கரையில் தொழில் செய்யும் மீனவர்களிடம் இதற்குக் கட்டாயம் ஒரு சொல் இருக்கும். இராமேசுவரம், கன்னியாகுமரி, மன்னார், திருகோணமலைப் பக்கத்து உறுப்பினர்கள் ஊரில் கேட்டு, சொல்லோடு அது எந்தக் காற்றில், எந்தக் கரையில் வழங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது வரும்வரை அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.