கிளைக்கோவில் ஞாயிறு பூசை: அன்பிய முறை வந்தால் யார் யாருக்கு என்ன வேலை?

கொள்ளிடக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பங்குக் கோவிலிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் கிளைக்கோவில். ஞாயிறு 7.30க்குப் பூசை. ஃபாதர் பங்கில் முதல் பூசையை முடித்துவிட்டு பைக்கில் வருவதால் பத்து நிமிஷம் முன்னால்தான் வந்து சேருவார். இத்தனை வருஷம் உபதேசியாரே (கோவில் காரியங்களைப் பார்க்கும் ஊர்க்காரர்) எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இப்போது அவருக்கு முடியவில்லை. நான்கு அன்பியமும் (பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) வாரத்துக்கு ஒன்றாக முறை போட்டிருக்கிறோம்.

150 முதல் 180 பேர் வரை வருவார்கள். எங்கள் கோவிலில் நற்கருணையை (பூசையில் அர்ச்சித்த அப்பம்) பூசைக்குப் பிறகு வைத்திருப்பதில்லை. அதனால் ஓஸ்தி (பூசைக்கான அப்பம்) கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும், எந்த வேலையை யாரிடம் கொடுப்பது, எது வழக்கமாகச் சொதப்பும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாரும் சேர்ந்து செய்யலாம்" என்ற பதில் வேண்டாம், அதைத்தான் கூட்டத்தில் நாலு தடவை கேட்டாகிவிட்டது.

மெழுகுத்திரி:

தம்பி, பன்னிரண்டு பேர் இருந்தால் நிம்மதி. சக்ரிஸ்திக்கு (பூசைப் பொருள் வைக்கும் அறை) ஒருவர், ஓஸ்தி எண்ண ஒருவர், வாசகத்துக்கு இருவர், பதிலுரைப் பாடலுக்கு ஒருவர், மன்றாட்டுக்கு ஒருவர், மைக்குக்கு ஒருவர், வாசலில் ஒருவர், காணிக்கைப் பைக்கு இருவர், பீடச் சிறுவர் இருவர். இன்னும் குறைவான பேரை வைத்தும் ஓட்டலாம். மன்றாட்டை இரண்டாம் வாசகம் வாசிப்பவரே சொல்லலாம். வாசலில் நிற்பவரே பை எடுக்கலாம். ஆனால் ஓஸ்தி எண்ணுகிறவரைக் காணிக்கைப் பவனியில் (அப்பமும் ரசமும் பீடத்துக்குக் கொண்டுபோவது) சேர்க்காதீர்கள், மைக் பார்க்கிறவரை வாசகத்துக்குக் கூப்பிடாதீர்கள். இந்த இரண்டு வேலையும் ஒரே நிமிஷத்தில் வந்து இடிக்கும்.

சக்ரிஸ்தி வேலையை சனிக்கிழமை சாயங்காலமே முடித்துவிட வேண்டும். ஞாயிறு காலையில் சாவி யாரிடம் என்று தேடுவதில்தான் பாதி நேரம் போகும். அன்பியம் மாறும்போது சாவி சனிக்கிழமை கை மாறட்டும், அது ஒன்றை நோட்டில் எழுதி வையுங்கள்.

பீடத்தில் வெள்ளைத் துணி ஒன்றாவது இருக்க வேண்டும். மெழுகுத்திரி இரண்டு போதும்; ஞாயிறுக்கு நாலோ ஆறோ வைக்கலாம். இரண்டும் ஒரே உயரமா, திரி அரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட திரி புகைந்து கரி தட்டும். பீடத்துக்கு நேர் மேலே ஃபேன் ஓடினால் மெழுகு ஒரு பக்கமாக உருகி பீடத்துணியில் வழியும். திரி தலையில் மாட்டுகிற பித்தளை வளையம் விற்கிறது, வாங்கிப் போடுங்கள். அல்லது அந்த ஒரு ஃபேனை மட்டும் நிறுத்துங்கள்.

பூசை உடையை மேசையில் தலைகீழ் வரிசையில் வையுங்கள். அடியில் மேல் திருவுடை, முதுகுப் பக்கம் மேலே தெரிய. அதன் மேல் ஸ்டோல் (தோளில் போடும் நீளத் துணி), பிறகு இடைக்கயிறு, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை அங்கி. ஃபாதர் எடுத்து எடுத்துப் போட்டால் வரிசை தானாக வந்துவிடும். அவருக்கு இருப்பது பத்து நிமிஷம், அதில் பாவசங்கீர்த்தனம் கேட்க நாலு பேர் நிற்பார்கள். உடையின் நிறத்தைத் திருவழிபாட்டு நாள்காட்டியில் பார்த்து எடுங்கள், போன வாரம் என்ன நிறம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தவக்காலத்தில் பீடத்தில் பூ கிடையாது. அதில் நான்காம் ஞாயிறுக்கும் பெருவிழாக்களுக்கும் விழாக்களுக்கும் மட்டும் விலக்கு. மற்ற நாளிலும் பூவைப் பீடத்தின் மேல் வைக்காமல் பக்கத்தில் வைப்பதுதான் முறை.

திராட்சை ரசம் ஒரு குருவுக்கு 30 மில்லி தாராளம். சின்ன பாட்டிலாக வாங்குங்கள். திறந்த பாட்டிலை நம்ம ஊர்ச் சூட்டில் வாரக்கணக்கில் அலமாரியில் வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். காடியாகிப் போனது பூசைக்கு ஆகாது. சனிக்கிழமை மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வெள்ளை ரசமாக இருந்தால் தண்ணீர் எது, ரசம் எது என்று பீடச் சிறுவனுக்குத் தெரியாது. ரசக் குப்பிக்கு மட்டும் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். குப்பிகளைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது.

இனி ஓஸ்தி. பூசை தொடங்கும்போது எண்ணினால் கணக்குத் தப்பும், பாதிப் பேர் முதல் வாசகத்தில்தான் வருவார்கள். இரண்டாம் வாசகம் நடக்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று எண்ணுங்கள். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்காத பிள்ளைகளைக் கழித்துவிடுங்கள். பங்கிலிருந்து வரும் டப்பாவில் ஐம்பது ஐம்பதாகச் சின்னக் கவரில் பிரித்து வைத்திருந்தால், நற்கருணைக் கலசத்தில் போட ஒரு நிமிஷம் போதும். காணிக்கைப் பவனி புறப்படும் முன் கலசம் தயாராக வேண்டும். அதற்குப் பிறகு கொண்டுபோய்ப் பீடத்தில் வைக்கும் ஓஸ்தி சேராது. ஒரு பத்து குறைந்தால் பரவாயில்லை, ஃபாதர் உடைத்துக் கொடுப்பார். அறுபது மீந்தால்தான் பாடு. அடக்கப் பூசைக்கும் கல்யாணப் பூசைக்கும் இந்தத் தலைக்கணக்கு உதவாது, மற்ற மதத்தார் நிறைய இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசி வாரமும் அப்படியே. 29ஆம் தேதி வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுப்போடு வழியில் உள்ள கோவிலில் பூசை காணுவார்கள், இருபதோ நூறோ சொல்ல முடியாது. அந்த வாரம் இரண்டு கவர் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள், கலசத்தில் போடாமல்.

ஐப்பசி கார்த்திகையில் ஓஸ்தி ஈரம் இழுத்து வளையும், ஒன்றோடொன்று ஒட்டி இரண்டாகக் கைக்கு வரும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

மைக்செட்:

வாசகர் பக்கம் நான் சொல்கிறேன்.

வாசக மேடையில் எந்த நூல் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஞாயிறுக்கு மூன்று வருஷச் சுழற்சி. ஆண்டை மூன்றால் வகுத்து மீதி 1 வந்தால் முதல் ஆண்டு, 2 வந்தால் இரண்டாம் ஆண்டு, மீதி இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு. 2026 முதல் ஆண்டு. ஆனால் திருவழிபாட்டு ஆண்டு திருவருகைக்காலத்தில் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம்), நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, மாறிவிடும். அந்த நாலு வாரம்தான் தப்பான பக்கம் வாசிக்கப்படும் வாரம். வாசகரும் ஃபாதரும் வேறு வேறு ஆண்டில் நின்றால் முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் சம்பந்தமே இருக்காது. நூலின் பக்க நாடாவை சனிக்கிழமை போட்டு, பக்கத்தைச் செல்லில் படம் எடுத்து வாசகருக்கு அனுப்பிவிடுங்கள்.

வாசகர் வீட்டில் மூன்று தடவை சத்தமாக வாசிக்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் "தெசலோனிக்கர்" என்ற இடத்தில் நாக்கு மடங்கும். "முதல் வாசகம்" என்ற தலைப்பையும் அதன் கீழே ஒரு வரியில் இருக்கும் சுருக்கத்தையும் வாசிக்கக் கூடாது. "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்" என்று நேரே தொடங்குங்கள். முடிந்ததும் இரண்டு மூச்சு நிறுத்தி, தலை நிமிர்ந்து, "ஆண்டவரின் அருள்வாக்கு". நிறுத்தாமல் ஒட்டிச் சொன்னால் சபை "இறைவா, உமக்கு நன்றி" என்று சொல்லத் திணறும். பதிலுரைப் பாடலில் பல்லவியை முதலில் ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள் (பாடினால் இன்னும் நல்லது, அது பாட்டுத்தானே). ஒவ்வொரு சரணம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாலே போதும், "எல்லாரும்" என்று மைக்கில் சொல்ல வேண்டாம்.

மன்றாட்டுக்கு ஒரு வரிசை உண்டு: திருச்சபை, பிறகு நாடும் உலகமும், பிறகு துன்பப்படுகிறவர்கள், கடைசியில் நம்ம ஊர். மேட்டூர் திறப்பும் சம்பா நடவும் கடைசியில் வரட்டும். ஒரு மன்றாட்டு மூன்று வரியைத் தாண்டினால் அது பிரசங்கம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மோவாய் மட்டத்தில். கீச்சென்று ஊளையிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மைக் கெட்டது அல்ல, ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஸ்பீக்கர் இரண்டும் வாசக மேடைக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். வாசகத்துக்கு பாஸ் திருகைக் குறையுங்கள், கல்தரைக் கோவிலில் அதுதான் குழறலாகக் கேட்கும். போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபயர் பிறகு. அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் டம் என்று வெடித்து ஸ்பீக்கர் போகும். கார்டுலெஸ் மைக் பேட்டரியைப் பூசைக்கு முன்பே மாற்றுங்கள், சிவப்பு விளக்கு எரியும் வரை காத்திருந்தால் அது நற்செய்தியில்தான் எரியும். நடுவில் கரண்ட் போனால் வாசகர் கத்தி வாசிக்க வேண்டாம். நிறுத்தி, இன்வெர்ட்டர் வந்ததும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து எடுக்கட்டும்.

கொள்ளிடக்கரை:

மெழுகுத்திரி ஐயா, மைக்செட் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. கவர் யோசனை இதுவரை எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் ஒன்று: எங்கள் தூபக் கலசம் பாதியிலேயே அணைந்துவிடுகிறது. மழைக்காலத்தில் பற்றுவதே இல்லை. கப் சாம்பிராணி வைக்கலாமா?

சாம்பிராணிப்புகை:

கப் சாம்பிராணி வேண்டாம். அது தானாக எரிகிற மரத்தூள், கலச மூடிக்குள் காற்றில்லாமல் கரும்புகை விட்டு அணையும்.

கொட்டாங்கச்சிக் கரி எடுங்கள், எலுமிச்சை அளவில் நாலு துண்டு. மழைக்காலத்தில் முந்தின நாளே அடுப்பங்கரையில் தட்டில் பரப்பி வைத்தால் ஈரம் போகும். கலசத்தின் அடியில் ஒரு கரண்டி சாம்பலோ மணலோ போடுங்கள், சூடு நேரே உலோகத்தில் இறங்காது. பூசைக்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் வெளியே பற்றவையுங்கள். மேல் முழுதும் வெண்சாம்பல் பூத்த பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். கறுப்பாக இருக்கும் கரி சாம்பிராணி விழுந்ததும் அணைந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், வாசனை பூசை முடியும் வரை போகாது.

சாம்பிராணி கட்டியாக இருக்கட்டும், மிளகு அளவுக்கு உடைத்தது. பொடி போட்டால் ஒரே நொடியில் புகைந்து, உருகி, கரியை மூடிவிடும். ஒரு தடவைக்கு அரைக் கரண்டி. காத்திருக்கும் நேரத்தில் மூடியை உயர்த்தி, லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூடி இறங்கி மூலையில் தொங்கினால் ஐந்து நிமிஷத்தில் செத்துவிடும். நற்கருணைக்கும் சிலுவைக்கும் நற்செய்தி நூலுக்கும் மும்முறை, புனிதர் சுரூபத்துக்கு இருமுறை. பிள்ளைகளிடம் சங்கிலியை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள்: இடக்கை நுனியை நெஞ்சோடு, வலக்கை கலசத்துக்குச் சற்று மேலே.

முடிந்ததும் கரியைக் குப்பைக் கூடையில் கொட்டக் கூடாது, ஒரு மணி நேரம் கழித்தும் உள்ளே கனலும். மணல் போட்ட மண்சட்டி ஒன்று வெளியே வையுங்கள்.

தூபக் கலசம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எல்லாம் பித்தளை, புளி போட்டுத் தேய்க்கலாம். திருக்கிண்ணத்தை (பூசையில் ரசம் ஊற்றும் கிண்ணம்) புளியும் சாம்பலும் கொண்டு தொடவே கூடாது, தங்க முலாம் இரண்டு மாதத்தில் வெளுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி, அவ்வளவே.

தரங்கைக்காரன்:

நான் லுத்தரன் சபை, பூசை முறை எனக்குத் தெரியாது. பாட்டு அறிவிப்பு மட்டும் பொது. எங்களிடம் பாமாலை எண் வேறு, கீர்த்தனை எண் வேறு. பலகையில் எண்ணை மட்டும் போட்டால் சபை இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பாட்டைத் திருப்பும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டு கீர்த்தனைப் பக்கம், ஐரோப்பிய ராகத்துப் பாட்டு பாமாலைப் பக்கம் என்று பழையவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. புத்தகத்தின் பெயர் முதலில், எண் பிறகு, இரண்டு தடவை. உங்களிடமும் இரண்டு பாட்டுப் புத்தகம் புழக்கத்தில் இருந்தால் இதே வம்புதான்.

மெழுகுத்திரி:

விட்டுப்போனவை. திருமேனித் துகிலை (பீடத்தில் அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் அடியில் விரிக்கும் சதுரத் துணி) பூசை முடிந்ததும் உதறாதீர்கள். மூன்றுக்கு மூன்றாக, உள்பக்கமாக மடித்தால் ஒன்பது கட்டம் வரும், அப்பத் துகள் உள்ளேயே நிற்கும். சலவைக்குப் போடும் முன் தனியாகத் தண்ணீரில் அலசி, அந்த முதல் தண்ணீரை யார் காலும் படாத மண்ணில் ஊற்றுங்கள். சாக்கடையில் அல்ல. கஞ்சி லேசாகப் போட்டால் மடிப்பு நிற்கும்.

நற்கருணை வாங்க எழுந்து வர முடியாத பெரியவர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று வாசலில் நிற்பவர் பூசைக்கு முன்பே ஃபாதரிடம் சொல்லிவிடட்டும். பூசை நடுவில் கையைக் காட்டிக் கூப்பிட்டால் அவருக்குத் தெரியாது.

மைக்செட்:

பை விஷயம் யாரும் சொல்லவில்லை. எண்ணுகிற இருவர் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம். கோவிலை விட்டு வெளியே போகும் முன் எண்ணி, நோட்டு வாரியாகச் சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்து. சிறப்புக் காணிக்கை உள்ள ஞாயிறுக்கு வேறு நிறத்தில் இரண்டாவது பை; ஒரே பையில் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. க்யூஆர் அட்டை வைத்திருந்தால் அது யார் கணக்குக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள், பங்குக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை:

அட்டை பழைய பொருளாளர் நம்பரில் இருக்கிறது. இன்றைக்கே கழற்றிவிடுகிறேன்.