அணையில் திறந்த நீர் எங்கள் தெருவில் எவ்வளவு நிற்கும்? வெள்ள எச்சரிக்கையில் துறைகளை இணைப்பது குறித்து

கேள்வி (ஆற்றங்கரைக்காரன்):

திருவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன் நான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை பெய்தபோது எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். அன்று எனக்கு வந்த எச்சரிக்கைகள் அனைத்தும், விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்ற ஒரே வார்ப்பில் இருந்தன. அந்த நீர் எங்கள் கீழத்தெருவில் முழங்கால் அளவு நிற்குமா, கூரையைத் தொடுமா என்பதைச் சொல்ல ஆளில்லை. அணைப் பக்கம் பொறுப்பில் இருந்தவர் மக்களை வெளியேற்றுவது தம் வேலை அல்ல என்றார். வெளியேற்றும் பொறுப்பில் இருந்தவர் நீரின் அளவைத் தம்மிடம் கேட்கக் கூடாது என்றார். இருவர் சொன்னதும் விதிப்படி சரிதான். இதற்கிடையே, 1992 வெள்ளமே கோயில் படியைத் தாண்டவில்லை என்று முதியவர்கள் சொன்னதை நம்பிப் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இந்த இரு பொறுப்புகளையும் சேர்த்துக் கட்ட வேண்டியவர் சட்டப்படி யார்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்):

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். இணைத்தலைவர் உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி. காவல் கண்காணிப்பாளரும் தலைமை மருத்துவ அலுவலரும் பதவி வழியில் உறுப்பினர்கள். நீர்வளப் பொறியாளருக்கு அப்படிப் பெயரிட்ட இடம் இல்லை. மாநில அரசு நியமிக்கும் பிற மாவட்ட அலுவலர்களுள் ஒருவராகத்தான் அவர் வர முடியும். மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நான் கையாண்ட திட்ட நூல்களில் பள்ளிகள், திருமண மண்டபங்கள், படகுகள், தொலைபேசி எண்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். எந்த நீரளவுக்கு எந்தத் தெருவைக் காலி செய்வது என்பது மட்டும் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் நாங்கள் சரிபார்த்ததும் பெரும்பாலும் எண்களைத்தான், அவற்றுள் சில மாறுதலாகிப் போனவர்களின் எண்கள். ஆகவே பொறுப்பு ஆட்சியருடையது; ஆனால் அவர் மேசைக்கு வரும் தாளில் உங்கள் கீழத்தெரு இல்லை.

மறுமொழி 2 (பாசனப் பொறியியல் பயின்றவர்):

முந்தைய பதிவுடன் உடன்படுகிறேன். ஆனால் அணைத் திறப்பு என்ற ஒரே எண்ணைத் தெருவாக மாற்றி அட்டவணை போட்டால் அடுத்த முறையும் ஏமாறுவோம். அந்த நாளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. உடைந்த குளங்களின் நீரும் ஊர்களுக்குள் புகுந்தது. அந்தக் கணக்கு எந்த அணையின் மதகிலும் இல்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றி இன்றுவரை பேசுகிறோம். அடையாற்றில் மேலேயிருந்த ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்தே வந்தது என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். எனவே குளங்களின் கொள்ளளவு, அணைக்கட்டின் நீர்மட்டம், உள்ளூர் மழை ஆகிய மூன்றும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். புயலுக்கு நாள் கணக்கில் அவகாசம் கிடைக்கும். 2013-இல் ஃபைலின் புயலுக்கு முன் ஒடிசா ஏறத்தாழ 10 லட்சம் பேரை வெளியேற்ற முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட மழை வெள்ளத்தில் நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

மறுமொழி 3 (நாகையில் பணியாற்றியவர்):

எச்சரிக்கையைப் பற்றியே பேசுகிறோம். நிவாரணத்திலும் இதே பிளவுதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து, வாங்க ஆளின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. நிலைமை மாறத் தொடங்கியது, ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் அமைந்த பிறகுதான். எந்தக் குப்பத்துக்கு யார் எதைக் கொண்டு போகிறார்கள் என்பது ஓரிடத்தில் தெரிந்ததும் இரட்டிப்பு வேலை குறைந்தது. புதிய துறையோ புதிய ஆணையோ அதற்குத் தேவைப்படவில்லை. தகவல் வைத்திருந்தவர்களும் முடிவெடுப்பவர்களும் நடந்து போகும் தூரத்தில் இருந்தார்கள். உங்கள் ஆற்றுக்கும் பருவமழைக் காலத்தில் ஒரு பொறியாளரை 1077 என்ற எண்ணில் இயங்கும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையிலேயே இரவு பகலாக அமர்த்தச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. 2023-இல் நீர் நின்ற உயரம் எங்கள் வீட்டுச் சுவர்களில் கறையாக இன்னும் தெரிகிறது. வெள்ளையடிப்பதற்குள் தெருவுக்கு ஓரிடத்தில் வண்ணக் குறி இட இளைஞர்களிடம் பேசியிருக்கிறேன். அந்தந்த நேரத்தில் அணைக்கட்டில் பதிவான நீர்மட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க உள்ளேன். மணிவாரியாகக் கேட்க வேண்டுமா, நாளின் உச்ச அளவு போதுமா என்பதைப் பொறியியல் அறிந்த நண்பர் சொன்னால், இந்த வாரமே மனுவை அனுப்பிவிடுவேன்.