புதுப்பிப்பு: சபையை விட்டு விலகுதல் (பெங்களூரு), ஒரு திருத்தம்

கிறிஸ்தவ நம்பிக்கையை விட்டவர்கள் பங்குத்தந்தைக்குக் கடிதம் கொடுத்துத் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. பதிவேடு நடந்த சடங்கின் பதிவு, அதை அழிக்கமாட்டார்கள். கத்தோலிக்கத் திருமணச் சட்டத்தில் 'முறைப்படி விலகியவர்' கோவிலில் மணக்க வேண்டியதில்லை என்றிருந்த விதிவிலக்கையும் போப் 16-ஆம் பெனடிக்ட் 2009-லேயே நீக்கிவிட்டார். ஆகவே நீங்கள் நம்பாவிட்டாலும், கோவிலுக்கு வெளியே நடக்கும் உங்கள் பதிவுத் திருமணத்தைத் திருச்சபை ஏற்காது. நாட்டுச் சட்டத்தில் அது முழுமையாகச் செல்லும்.

பலரும் கேட்டது இந்தத் திருமணத்தைப் பற்றித்தான். 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு மதம் தேவையில்லை. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். திருமணப் பதிவு அலுவலரிடம் அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு போங்கள். சிக்கல் வருவது இரண்டு இடத்தில். அறிவிப்பை அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். சிவாஜிநகரில் ஒருவர் பார்த்தால் அன்று மாலையே வீட்டுக்குத் தெரிந்துவிடும். அம்மா அப்பாவிடம் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் அதை வேறு வாயால் கேட்கக் கூடாது. அடுத்தது, அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் திரும்ப முதலிலிருந்துதான்.

கல்லறைத் தோட்டம் வேண்டாம், வில்சன் கார்டன் மின்மயானம் போதும் என்பவர்கள் அதை உயிலில் மட்டும் எழுதாதீர்கள். உயிலைப் பிரிப்பதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். தனித்தாளில் எழுதி, உடன் இருப்பவர் கையில் இப்போதே கொடுத்து வையுங்கள்.